அகலக்கோண வில்லையும் நாம் நிற்கும் இடமும்

காணொலிக் கருவியின் வில்லையைப் பற்றித் தமிழாசிரியர்க்கு என்ன கவலை என்று கேட்பார் இருக்கலாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோதே அக்கேள்விக்கு இடமில்லாமற் போயிற்று. கரும்பலகைக்கு முன் நின்று பழகிய ஆசிரியர் சில நாட்களிலேயே படப்பிடிப்பாளரும் ஆனார். பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னும் அவ்வழக்கம் நின்றுவிடவில்லை. பாடம், பேச்சுப் போட்டி, பொங்கல் விழா ஆகியன பதிவாகின்றன. தோட்டங்கள் கைமாறியும் வீட்டுமனைகளாக மாறியும் வரும் இந்நாளில், பால்மரம் சீவிய முதியோர் தம் கதையைத் தம் வாயாலேயே சொல்ல, அதனைப் பதிவு செய்து வைக்கும் நற்பணியிலும் ஆசிரியர் சிலர் ஈடுபட்டிருக்கின்றனர். இப்பணியை நாளைக்கு என்று தள்ளிப் போட இயலாது. சொல்லுவோர்க்கும் வயதாகிறது, அவர்கள் வாழ்ந்த லயத்து வீடுகளும் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன.

இத்தகைய ஆசிரியர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அரும்பாடுபட்டுத் திரட்டிய பணத்தில் ஒரு காமிரா வாங்கியாயிற்று. அதனோடு வந்த வில்லையில் அறை முழுதும் அடங்கவில்லை. மாலையானால் படம் இருண்டு போகிறது. இன்னும் ஒரே ஒரு வில்லை வாங்கப் பணம் உண்டு. அகலக்கோண வில்லையில் எத்தனை மில்லிமீட்டர் நல்லது?

கண்ணைச் சோதித்துப் பாராமல் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போய் எந்த எண் நல்லது என்று கேட்பதைப் போன்றது இக்கேள்வி. எந்த எண்ணும் தனியே நல்லதுமன்று, தீயதுமன்று. நாம் எங்கே நிற்கப் போகிறோம், அங்கிருந்து எவ்வளவு அகலம் வேண்டும் என்பவை தெரிந்தால் எண் தானே வந்து நிற்கும்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். தொலைவிலுள்ள பொருளின் ஒளி வில்லையின் வழியே புகுந்து ஓரிடத்திற் குவிகிறது. வில்லையின் ஒளிமையத்திற்கும் அவ்விடத்திற்கும் இடைப்பட்ட தூரமே குவியத்தூரம். வில்லையின் மேல் பொறித்திருக்கும் 16, 24, 35, 50 என்னும் மி.மீ. எண்கள் இதனையே குறிப்பன. குவியத்தூரம் குறையக் குறையக் காட்சியின் அகலம் மிகும். ஜூம் வில்லையில் இத்தூரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அவ்வாறு மாற்ற இயலாமல் ஒரே குவியத்தூரத்தோடு அமைந்ததைப் பிரைம் லென்ஸ் என்பர். இக்கட்டுரையில் அதனை நிலைக்குவிய வில்லை என வழங்குவோம். ஒளியைப் பதிவு செய்யும் மின்தகட்டைச் சென்சார் என்கின்றனர். அதற்கு உணரி என்னும் தமிழ்ச்சொல் இப்போது பரவி வருகிறது.

இவை மூன்றையும் இணைக்கும் கணக்கு நம் கணிதப் பாடத்திலேயே உள்ளது. வடிவொத்த முக்கோணங்கள் இரண்டை மனத்திற் கொள்க. வில்லைக்கு முன்னால் பெரிய முக்கோணம்: அதன் உயரம் பொருளின் தூரம், அடி காட்சியின் அகலம். வில்லைக்குப் பின்னால் சிறிய முக்கோணம்: அதன் உயரம் குவியத்தூரம், அடி உணரியின் அகலம். எனவே காட்சியின் அகலத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதும், உணரியின் அகலத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதும் ஒன்றே. முழுச்சட்டக் காமிரா எனப்படுவதில் உணரியின் அகலம் 36 மி.மீ. அதில் 24 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 36ஐ 24ஆல் வகுக்க ஒன்றரை. அஃதாவது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ அதைப்போல் ஒன்றரை மடங்கு அகலம் படத்தில் அடங்கும். 4 மீட்டர் தள்ளி நின்றால் 6 மீட்டர். 2 மீட்டரில் நின்றால் 3 மீட்டர்.

அட்டைச் சாளரம்

கணக்கு வேண்டாதவர்க்கு ஓர் அட்டைப் பெட்டி போதும். மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். அறிவியல் பாடமாகவும் அமையும். அட்டையில் 18 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள ஒரு சாளரம் வெட்டுக. இன்றைய காணொலியின் சட்டம் 16க்கு 9 என்னும் விகிதத்தது. இச்சாளரமும் ஏறத்தாழ அவ்விகிதமே. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றொரு கண்ணுக்கு நேரே 12 செ.மீ. தூரத்தில் சாளரத்தைப் பிடித்துப் பார்த்தால், முழுச்சட்டக் காமிராவில் 24 மி.மீ. வில்லை எதைக் காணுமோ அதையே நாமும் காண்போம். 8 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அது 16 மி.மீ. வில்லை, பதினேழரை செ.மீ.க்குத் தள்ளினால் 35. 25 செ.மீ.க்குத் தள்ளினால் 50. வில்லையின் எண்ணிற் பாதியைச் செ.மீ. ஆக்கினால் போதும் என்பது விதி.

காமிரா சிறிய உணரி உடையதாயின் தூரம் மாறும். பள்ளிகளில் மிகுதியாக உள்ளவை ஏ.பி.எஸ்.-சி. என்னும் அளவுடைய காமிராக்களே. சோனி, நிக்கான், புஜி நிறுவனங்களின் அவ்வகைக் காமிராவில் உணரியின் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ.; ஆகையால் வில்லை எண்ணில் நான்கில் மூன்று பங்கைச் செ.மீ. ஆகக் கொள்க. கேனன் நிறுவனத்தது 22.3 மி.மீ.; அதற்கு ஐந்தில் நான்கு பங்கு. பானசோனிக், ஒலிம்பஸ் நிறுவனத்தார் வழங்கிய மைக்ரோ நான்கு மூன்று வகையில் அகலம் 17.3 மி.மீ.; அதற்கு வில்லையின் எண் எதுவோ அதுவே செ.மீ.

இச்சாளரத்தை எடுத்துக்கொண்டு, எங்கே படம் எடுக்கப் போகிறோமோ அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். வகுப்பறையின் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக் கரும்பலகையைப் பார்க்க வேண்டும். மண்டபத்தின் வாயிலில் நின்று மேடையைப் பார்க்க வேண்டும். பேட்டி எடுக்கும் வீட்டில் நிற்க முடிந்த மூலையில் நின்று பார்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் முடியும் இவ்வேலையைச் செய்தவர் பின்னர் விளம்பரத்தைக் கண்டு மயங்கமாட்டார். கைப்பேசியாலும் ஒருவாறு சோதிக்கலாம். இன்றைய கைப்பேசிகளின் முதன்மைக் காமிரா பெரும்பாலும் முழுச்சட்டத்தின் 24 முதல் 26 மி.மீ. வரையிலான வில்லைக்கு ஒப்பானது. உண்மையில் நம் சட்டைப்பையில் உள்ளதே ஓர் அகலக்கோண நிலைக்குவிய வில்லைதான்! ஆனால் காணொலி எடுக்கும்போது கைந்நடுக்கத்தைச் சரிசெய்யப் பல கைப்பேசிகள் ஓரங்களைக் கத்தரித்துக் கொள்ளும். அதனால் அட்டையையே நான் நம்புவேன்.

ஒரே எண், வெவ்வேறு அகலம்

எண்ணை மட்டும் நம்புதல் ஏன் தவறு என்பதற்குத் திரைப்பட வரலாற்றில் நல்ல சான்று ஒன்றுண்டு. ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1941இல் வெளிவந்த சிட்டிசன் கேன் என்னும் அமெரிக்கப் படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் கிரெக் டோலண்ட். அருகில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் ஒருங்கே தெளிவாகத் தெரியும்படி அவர் எடுத்த காட்சிகள் இன்றும் பாடமாக உள்ளன. அதற்கு அவர் பெரிதும் கையாண்டது 24 மி.மீ. வில்லை. அக்காலத்தில் அது மிகவும் அகன்றதாகக் கருதப்பட்டது. இதைப் படித்துவிட்டு இன்று முழுச்சட்டக் காமிராவில் 24 மி.மீ. வில்லையைப் பொருத்துகிறவர்க்கு டோலண்டின் காட்சி கிட்டாது. அதைவிட மிக அகன்ற ஒன்றே கிட்டும். ஏனெனில் அன்றைய திரைப்படச் சுருளில் ஒரு சட்டத்தின் அகலம் ஏறத்தாழ 22 மி.மீ. தான். நம் கணக்கின்படி அவர் கண்ட அகலத்தை இன்றைய முழுச்சட்டத்தில் காண ஏறத்தாழ 39 மி.மீ. வில்லை வேண்டும். அதே சுருளைப் பக்கவாட்டில் ஓட்டி, 36க்கு 24 மி.மீ. என்னும் பெரிய சட்டத்தை வழக்கிற் கொண்டுவந்தது 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் செர்மானிய நிழற்படக் கருவி. இன்று முழுச்சட்டம் என்று நாம் சொல்லுவது அதன் வழிவந்ததே.

பழங்கதை இருக்கட்டும். இக்காலத்து மயக்கம் இன்னும் கொடிது. ஒரே காமிராவிலேயே அகலம் மாறிவிடுகிறது. 2018இல் வெளிவந்த கேனன் எம்-50 காமிராவை எடுத்துக்கொள்வோம். எளிய விலையில் கிடைத்ததால் காணொலி எடுப்போர் பலர் கையில் அது இருந்தது. இன்றும் பழைய பொருளாக வாங்குவோர் உண்டு. அதற்கென அமைந்த 22 மி.மீ. எஃப்-2 வில்லை கைக்கடக்கமானது, ஒளி மிக்கது. சாதாரண முழு எச்.டி. காணொலியில் 2 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் அகலத்தை அது காட்டும். 4-கே என்னும் நுண்பதிவுக்கு மாற்றினாலோ, அக்காமிரா உணரியின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும். அகலம் ஏறத்தாழ 1.3 மீட்டராகச் சுருங்கிவிடும்! போதாக்குறைக்கு அக்காமிராவின் விரைந்த குவிய முறையும் 4-கேயில் வேலை செய்யாது. கையசைவைச் சரிசெய்யும் மின்னணு ஏற்பாட்டை இயக்கினால், எந்தக் காமிராவாயினும், இன்னும் கொஞ்சம் கத்தரிப்பு நேரும்.

ஆகவே காமிராவின் விளம்பரத்தாளில் உள்ள உணரி அகலம் நமக்குப் போதாது. நாம் காணொலி எடுக்கப் போகும் அதே ஏற்பாட்டில் வைத்து, 2 மீட்டர் தூரத்தில் சுவரில் ஓர் அளவுநாடாவை ஒட்டி, கையில் உள்ள வில்லையால் எத்தனை செ.மீ. தெரிகிறது என்று பார்த்துவிட வேண்டும். கையில் உள்ளது 18 மி.மீ. வில்லையாக இருந்து, 220 செ.மீ. தெரிந்தால், மெய்யான உணரி அகலம் 18ஐ 220ஆற் பெருக்கி 200ஆல் வகுக்க 19.8 மி.மீ. என்று வந்துவிடும். அதன்பின் எந்த வில்லைக்கும் கணக்குப் போடலாம்.

பத்தடி அறை

இனிப் பொருளுக்கு வருவோம். லயத்து வீட்டின் முன்னறை பத்தடிக்குப் பத்தடி, அஃதாவது ஏறத்தாழ 3 மீட்டர் என்று கொள்வோம். கதை சொல்லும் மூதாட்டி பின்சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். எதிர்ச்சுவரோடு ஒட்டி நாம் நின்றால் காமிராவுக்கும் அவர்க்கும் இடையே 2 மீட்டர் இருக்கும். முழுச்சட்டக் கணக்கில் 50 மி.மீ. வில்லை இங்கே 1.44 மீட்டர் அகலத்தையே காட்டும். முகமும் தோளும் தெரியும், வீடு தெரியாது. 35 மி.மீ. ஏறத்தாழ 2 மீட்டர், 24 மி.மீ. சரியாக 3 மீட்டர், அஃதாவது அறையின் முழு அகலம். 16 மி.மீ. நாலரை மீட்டர் காட்டவல்லது. ஆனால் அவ்வறையில் அவ்வளவு அகலம் இல்லையே! மிகுதிக்கு இருபக்கச் சுவர்களும் தரையும் கூரையும் வந்து நிறையும். மூதாட்டி நடுவில் சிறுத்துப் போவார்.

அவர் சிறுத்துப் போனதைக் கண்டதும் படம் எடுப்பவர் என்ன செய்வார்? அருகே போவார். இங்கேதான் கேடு தொடங்குகிறது. அகலக்கோண வில்லை முகத்தைக் கெடுக்கும் என்று பலரும் சொல்லுவர். படத்தின் நடுவிலிருக்கும் முகத்தைப் பொறுத்தவரை வில்லை கெடுப்பதில்லை, அருகாமையே கெடுக்கிறது. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. என்று கொள்க. காமிரா மூக்கிலிருந்து 48 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 60 செ.மீ. தூரத்தில் இருக்கும். அண்மையில் உள்ளது பெரிதாகவும் சேய்மையில் உள்ளது சிறிதாகவும் பதிவாவது இயற்கையாதலின், மூக்கு தன் அளவுக்கு மேல் நான்கில் ஒரு பங்கு பருத்தும் காது ஒடுங்கியும் தோன்றும். 2 மீட்டர் தூரத்திற்குப் பின்வாங்கினால் கணக்கு 200க்கு 212. மிகுதி நூற்றுக்கு ஆறே. ஒரே இடத்தில் நின்று 16 மி.மீ. வில்லையாலும் 50 மி.மீ. வில்லையாலும் எடுத்து, முன்னதன் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் இரு முகங்களும் ஒரே சாடையாக இருக்கக் காணலாம். இச்சோதனையை ஒரு முறை செய்து பார்த்தவர்க்கு இதைப் பற்றி வேறு விளக்கம் தேவைப்படாது.

முகத்திற்கு நேர்வதே அறைக்கும் நேர்கிறது. 2 மீட்டரில் நின்றபோது மூதாட்டிக்கு 2 மீட்டர், பின்சுவருக்கு 2.5 மீட்டர், சுவரில் மாட்டிய நாட்காட்டி அவர் அளவோடு ஒப்பிட ஐந்தில் நான்கு பங்காகத் தெரியும். 70 செ.மீ.க்கு நெருங்கிவிட்டால் சுவர் 120 செ.மீ. தூரம்; நாட்காட்டி பாதிக்குச் சற்றே மேற்பட்ட அளவிற்குச் சுருங்கிவிடும். காண்பவர் மூளை அதனை எப்படிப் பொருள் கொள்ளும்? சுவர் வெகுதூரத்தில் இருக்கிறது என்றே கொள்ளும். பத்தடி அறை கூடமாகிவிடும். வீடு விற்போர் தம் விளம்பரப் படங்களை மிக அகன்ற வில்லையால் எடுப்பது இதற்காகவே. சிட்டிசன் கேன் படத்தில் சானடு மாளிகையின் கூடத்தில் கணவனும் மனைவியும் ஊருக்கு ஊர் தள்ளி இருப்பதுபோல் தோன்றுவதும் இவ்வுத்தியாலேயே. அங்கே அது கதைக்கு வேண்டியிருந்தது.

நமக்கோ நேர்மாறானது வேண்டும். ஒரு குடும்பம் முழுவதும் அந்தப் பத்தடிக்குள் உண்டு உறங்கி வாழ்ந்தது என்பதுதான் அம்மூதாட்டி சொல்லும் செய்தி. அவர் வாய் இடுக்கத்தைச் சொல்ல, படம் விசாலத்தைக் காட்டினால் எதை நம்புவர் நாளைய பிள்ளைகள்? படத்தைத்தான் நம்புவர். இவ்வாறு எடுத்த ஒரு பதிவைத் திரையிட்டபோது அவ்வீட்டுக்காரப் பாட்டியே, "என்னங்க சார், நம்ம வீடு இம்மாம் பெருசா இருந்துச்சா?" என்று வியந்து கேட்டதை நான் அறிவேன். ஆவணமாக எடுக்கும் படத்திற்கு இதைவிடப் பெரிய குறை வேண்டியதில்லை.

ஆதலின் இத்தகைய அறைக்கு என் தேர்வு முழுச்சட்டத்தில் 24 முதல் 28 மி.மீ. வரை, ஏ.பி.எஸ்.-சி. காமிராவாயின் 16 முதல் 18. அதற்குக் கீழே இறங்க வேண்டா. இன்னும் இடம் வேண்டுமானால் வில்லையை மாற்றாமல் வாசற்படியைத் தாண்டி வெளியே வரலாம். வாசலுக்கு 1 மீட்டர் வெளியே நின்றால் மூதாட்டி மூன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பார். அங்கிருந்து 35 மி.மீ. வில்லையில் கதவுச் சட்டம் இருபுறமும் தெரிய, உள்ளே அவர் அமர்ந்திருப்பார். நாட்காட்டி தன் மெய்யளவுக்கு மிக அருகில், எட்டில் ஏழு பங்காக நிற்கும். வீட்டின் இடுக்கமும் தானே புலப்படும். அகலக்கோண வில்லை வாங்கும் பேச்சில் வெளியே போய் நிற்கச் சொல்கிறேனே என்று நகைக்க வேண்டா. பேட்டி முழுவதையும் இப்படி எடுக்க முடியாது, ஒலி கெட்டுவிடும். பேசுபவர்க்கு அருகில் இருக்குந்தோறும் ஒலிவாங்கி தெளிவாக வாங்கும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். சட்டையிற் குத்தும் சிறு ஒலிவாங்கி ஒன்று இருக்குமானால் காமிராவை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. வில்லைக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை அதற்கு வைப்பது நன்று.

குழுவாக நிற்போரைப் படமெடுக்கையில் வேறொரு குறை உண்டு. இதற்கு வில்லையே பொறுப்பு. நேர்கோடுகளை நேராகவே காட்டும் அகன்ற வில்லை, ஓரத்தில் உள்ள உருண்டைப் பொருள்களை வெளிப்புறமாக இழுத்து நீட்டிவிடும். 24 மி.மீ. வில்லையில் முழுச்சட்டத்தின் இடவல ஓரங்களில் இந்நீட்சி நான்கில் ஒரு பங்கு, 16 மி.மீ. வில்லையிலோ பாதி, 35 மி.மீ. வில்லையில் எட்டில் ஒரு பங்குதான். இசைக்குழுவில் ஓரத்தில் நிற்கும் பிள்ளை வீட்டிற் பார்த்துவிட்டு, "என்னைக் குண்டாகக் காட்டிவிட்டீர்களே!" என்று வருந்துவது இதனாலேதான். வரிசையை வளைத்து நிறுத்துவதால் இது தீராது. இருபுறமும் சிறிது வெற்றிடம் விட்டு, இரண்டு வரிசையாக நெருக்கி நிறுத்துவதே வழி.

விளக்கொளியும் வெயிலும்

நிழற்படக்காரர் ஒளி குறைந்தால் ஷட்டரை மெதுவாக்கிச் சமாளிப்பார். காணொலியில் அதற்கு வழியில்லை. நொடிக்கு 25 படம் எடுக்கும்போது ஒவ்வொரு படத்திற்கும் ஐம்பதில் ஒரு நொடி ஒளி விடுவதே அசைவை இயல்பாகக் காட்டும். நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி உடையது. குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஐம்பதில் ஒரு நொடியில் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கும். நூற்றில் ஒன்றாயின் ஒன்று. காமிராவை வாங்கியபோது இருந்தபடியே அறுபதில் ஒன்றில் விட்டுவிடுவோர் படத்தில் பட்டை பட்டையாக ஒளி ஓடுவதைக் கண்டு காமிராவையே பழிப்பர்.

ஷட்டர் கட்டுண்டு கிடப்பதால் ஒளியைக் கூட்ட வில்லையின் ஒளித்துளையே கதி. எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. ஒளியின் அளவு எண்ணின் வர்க்கத்திற்கு எதிர்விகிதமாக அமையும். காமிராவோடு வரும் ஜூம் வில்லை பெரும்பாலும் எஃப்-3.5இல் தொடங்கும்; உருவைப் பெரிதாக்கினால் 5.6க்கோ 6.3க்கோ சுருங்கும். எஃப்-1.8 நிலைக்குவிய வில்லை 3.5ஐவிட ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி தரும், எஃப்-1.4 ஆறேகால் மடங்கு. ஒற்றை விளக்கு எரியும் முன்னறையில் படம் புள்ளி புள்ளியாகச் சிதறுவதற்கும் தெளிவாக வருவதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஜூமின் வசதியை விட்டுக்கொடுத்து நிலைக்குவிய வில்லையை நாடுவதற்கு எனக்குத் தெரிந்த முதற்காரணமும் இதுதான்.

நண்பகலில் திடலுக்குப் போனால் இக்கதை தலைகீழாகும். ஐ.எஸ்.ஓ. 100இல், ஐம்பதில் ஒரு நொடிக்கு, வெயிலில் எஃப்-22 வேண்டியிருக்கும். எஃப்-2.8இல் எடுக்க வேண்டுமாயின் ஒளியை அறுபத்து நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். இதற்கு என்.டி. என்னும் மங்கற்கண்ணாடி ஒன்றை வில்லையின் முன்புறத்தில் திருகுவர். முன்கண்ணாடி முட்டைபோல் புடைத்த மிக அகன்ற வில்லைகள் சிலவற்றில் திருகுவதற்கு மரையே இராது. வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுழற்றிச் சுழற்றி மங்கலைக் கூட்டும் வகைக் கண்ணாடியோ, மிக அகன்ற வில்லையில் அளவு மிஞ்சினால் படத்தின் குறுக்கே பெருக்கற்குறிபோல் கருமை பூசும்.

குவியம் நகரும் விதமும் காணொலிக்கே உரிய கவலை. நிழற்படத்தில் குவியம் அமைந்த பின்புதான் விசையை அழுத்துகிறோம். காணொலியில் அது நகர்வதும் பதிவாகிறது. நகர்த்தும் மோட்டாரின் உறுமல் ஒலிப்பதிவில் சேரும். பானசோனிக் நிறுவனம் 2009இல் வெளியிட்ட 20 மி.மீ. எஃப்-1.7 வில்லை உருவத்தில் அடைபோல் தட்டை, படத்தில் பெருமைக்குரியது. ஆயினும் குவியம் மெதுவாகவும் ஒலியோடும் நகர்வதால் காணொலிக்கு அதை நான் பரிந்துரையேன். சில வில்லைகளில் குவியம் நகரும்போது காட்சியின் அகலமே சுருங்கி விரியும். மூச்சுவிடுதல் என்று அதைக் குறிப்பிடுவர், பொருத்தமான பெயர்தான்.

அகன்ற வில்லைக்கு இங்கே ஒரு நற்பேறு உண்டு. 16 மி.மீ. வில்லையை ஏ.பி.எஸ்.-சி. காமிராவில் எஃப்-4க்குச் சுருக்கி, குவியத்தை ஏறத்தாழ 3.2 மீட்டரில் நிறுத்திவிட்டால், 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவு வரை எல்லாம் தெளிவாக இருக்கும். வகுப்பறைப் பாடத்தைப் பதிவு செய்வோர் தானியங்கு குவியத்தை நிறுத்திவிட்டு இம்முறையையே கொள்ளலாம். ஆசிரியர் பலகைக்கும் மேசைக்குமாக நடந்தாலும் படம் தடுமாறாது. 2011இல் வந்த ஒலிம்பஸ் 12 மி.மீ. எஃப்-2 வில்லையில் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் தூர அளவுகோல் வெளிப்படும். அந்த நல்வழக்கத்தை எல்லா நிறுவனத்தாரும் பின்பற்றக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

கடைக்குப் போகும்போது

நல்ல காலமாக இன்று அகன்ற வில்லைகள் இலேசானவையாகவும் சிறியனவாகவும் ஆகிவிட்டன. கண்ணாடி மடங்கும் பழைய காமிராக்களில் வில்லைக்கும் உணரிக்கும் இடையே அக்கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருந்தது. கேனனின் பழைய அமைப்பில் அவ்விடைவெளி 44 மி.மீ.; புதிய ஆர்.எஃப். அமைப்பில் 20. சோனியில் 18, நிக்கானின் புதிய அமைப்பில் 16. குறுகிய குவியத்தூரத்து வில்லையை நெடுந்தூரம் தள்ளி வைக்கப் பிரான்சு நாட்டு ஆஞ்செனியு 1950இல் ரெட்ரோஃபோகஸ் என்னும் தலைகீழ் அமைப்பைக் கொண்டுவந்தார். அவ்வமைப்பால் வில்லைகள் பருத்தன. இடைவெளி குறைந்ததும் அப்பருமனும் குறைந்தது.

எடுத்துக்காட்டாகச் சிலவற்றைச் சொல்லலாம். ஏ.பி.எஸ்.-சி. காமிரா வைத்திருப்போர்க்குச் சிக்மா 16 மி.மீ. எஃப்-1.4. 2017இல் வந்தது, எடை 405 கிராம். சற்றே கனமாயினும் பத்தடி அறைக்கும் வகுப்பறைக்கும் ஒளிக்கும் ஒருசேரப் பொருந்துவது. ஒன்றே ஒன்று என்றால் நான் இதையே சொல்வேன். சோனி 11 மி.மீ. எஃப்-1.8 (2022) 181 கிராமே. ஆனால் தன்னைத் தானே கைநீட்டிப் படமெடுத்துப் பேசுவோர்க்கு உரியது, பேட்டிக்கு மிக அகன்றது. முழுச்சட்டத்தில் கேனன் ஆர்.எஃப். 16 மி.மீ. எஃப்-2.8 (2021) 165 கிராம் எடையில் வியக்கத்தக்கது; மேற்சொன்ன காரணத்தால் அதுவும் நம் வீடுகளுக்கு அளவு மிஞ்சியது. சோனி 20 மி.மீ. எஃப்-1.8 (2020) வில்லையில் துளையை மாற்றும் வளையத்தின் கடகட ஒலியை நிறுத்த ஒரு விசை வைத்திருக்கிறார்கள். காணொலிக்காரரை எண்ணிப் பார்த்துச் செய்த வேலை.

தொலைவில் ஓடும் பிள்ளையை விளையாட்டுப் போட்டியில் எடுக்க வேண்டியவரும், மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து மேடைப் பேச்சாளரின் முகத்தை எடுக்க வேண்டியவரும் இவற்றில் எதையும் வாங்க வேண்டா; அவர்களுக்கு வேண்டியது வேறு. அட்டைச் சாளரத்தில் 24 மி.மீ. அகலமே போதும் எனக் கண்டு, படமும் பகலொளியில் மட்டுமே எடுப்பவராயின் கைப்பேசியையே முக்காலியில் பொருத்திவிட்டு, பணத்தை ஒலிவாங்கிக்குச் செலவிடலாம்.

வாங்குபவர் தம் காமிராவையும் நினைவட்டையையும் உடன் கொண்டுபோக வேண்டும். தாம் எடுக்கப் போகும் ஏற்பாட்டிலேயே வைத்து, கடைக்குள் அருகில் ஒரு பெட்டியையும் தொலைவில் வாசலையும் மாறி மாறிக் குவித்து ஒரு நிமிடம் பதிவு செய்க. படத்தின் ஓரங்கள் மூச்சு விடுகின்றனவா, மோட்டார் உறுமுகிறதா, நடந்தபடி எடுத்தால் மூலைகள் நெளிகின்றனவா என்பவற்றை அங்கேயே திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். உறுமலைக் கேட்கக் காதுக் கருவி ஒன்று தேவை. கடை இரைச்சலில் வெறுங்காதுக்கு அது கேட்காது.